குளிர் காயும் லாரிகள்!

மார்கழி மாதத்து விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால் ஒரு தொந்தரவு உண்டு. தேங்காய் எண்ணெய் சீசாவைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட விழாது. வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடக்கும். வீட்டில் பாட்டி இருந்தால், அந்தச் சீசாவை எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் இளகி விடும்.

அமெரிக்காவின் வடகோடியில் உள்ள அலாஸ்காவில் லாரி ஓட்டுகிறவர்களுக்கும் இதே தொந்தரவுதான். ஆனால் அங்கே உறைவது தேங்காய் எண்ணெய் அல்ல, டீசல்!

பாட்டி செய்கிற வைத்தியத்தைத்தான் அவர்களும் செய்கிறார்கள். சீசாவுக்குப் பதிலாக, முழு லாரியையும் கொண்டு போய்க் கணப்பு மூட்டிய ஷெட்டுக்குள் நிறுத்தி வைக்கிறார்கள்.

லாரி குளிர் காய்வதா என்று சிரிக்க வேண்டாம். அந்த ஷெட் இல்லாவிட்டால் பல நாள் காலையில் லாரி கிளம்பவே கிளம்பாது. அந்த ஷெட்டை மட்டும் நம்பிப் புறப்பட்டாலோ, லாரி நடு வழியில் நின்று, டிரைவரின் உயிருக்கே ஆபத்து வந்து விடும்.

நாலு மணி நேரப் பகல்

அலாஸ்காவின் நடுவில் இருக்கிறது பேர்பாங்ஸ் என்ற ஊர். 1901-ல் உண்டான ஊர் இது. டிசம்பர் கடைசியில் இங்கே பகல் பொழுது நாலு மணி நேரம்கூட இல்லை. சூரியன் எட்டிப் பார்த்து விட்டு இறங்கி விடும்.

தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆகும் குளிரை, சைபர் டிகிரி என்கிறோம். பேர்பாங்ஸில் குளிர் காலத்தில் சைபருக்குக் கீழே 20 டிகிரி என்பது சாதாரணம். சில நாட்களில் சைபருக்குக் கீழே 40 டிகிரிக்கும் போய் விடும். சென்டிகிரேடு, பாரன்ஹீட் என்று வெப்பத்தை அளக்க இரண்டு கணக்குகள் இருக்கின்றன அல்லவா? அந்த இரண்டும் ஒன்றாகச் சேருகிற இடம் இந்த 40 தான். இந்தக் குளிருக்கு மட்டும் எந்தக் கணக்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை!

அந்த நாட்களில் மோட்டார் வண்டிகளின் புகையில் உள்ள ஈரம் கூட உடனே உறைந்து, வெள்ளை மூட்டமாகத் தெருவிலேயே நிற்கும். எதிரே வரும் வண்டி தெரியாது. நிறுத்தி வைத்திருக்கும் கார்களைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு காரின் முன்பக்கத்திலும் மாட்டின் மூக்கணாங்கயிறு போல ஒரு மின்சார வயர் தொங்கும். அது எதற்கு என்பது பிறகு வருகிறது.

பேர்பாங்ஸிலிருந்து வடக்கே, பூமியின் உச்சியில் இருக்கும் ஆர்க்டிக் கடல் வரை சுமார் 800 கிலோமீட்டர் தூரம். 1968-ல் அந்தக் கடற்கரையில் பெரிய எண்ணெய் வயல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அங்கே சாமான்கள் போக வழி வேண்டும் என்று 1974-ல் காட்டையும் மலையையும் வெட்டி ஒரு சாலை போட்டார்கள். டால்டன் சாலை என்று பெயர். அதன் நீளம் 666 கிலோமீட்டர். அதில் பெரும் பகுதியை 154 நாட்களில் போட்டு முடித்தார்கள்!

அந்தச் சாலை செல்லும் பகுதியில் பிராஸ்பெக்ட் கிரீக் என்று ஓர் இடம். 1971-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி அங்கே சைபருக்குக் கீழே 62 டிகிரி குளிர் பதிவாயிற்று. அமெரிக்க நாட்டில் பதிவான குளிரிலேயே அதிகமானது அதுதான்.

இந்தச் சாலையில்தான் லாரிகள் குழாய்களையும் இயந்திரங்களையும் எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு போகின்றன.

லாரி ஏன் எழுந்திருக்க மறுக்கிறது?

டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர். அவருடைய என்ஜின் 1897-ல் வெற்றிகரமாக ஓடியது. அதில் ஒரு புதுமை உண்டு. பெட்ரோல் என்ஜினில் எரிபொருளைப் பற்ற வைக்க மின்சாரப் பொறி வேண்டும். டீசல் என்ஜினுக்குப் பொறி வேண்டாம். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து, 15-ல் ஒரு பங்கு அல்லது 20-ல் ஒரு பங்காக அமுக்குவார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாகிறதே, அது போலத்தான். ஆனால் இங்கே சூடு 500 டிகிரிக்கு மேல் போய் விடும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால், தானே பற்றிக்கொள்ளும்.

என்ஜின் இரும்பு சைபருக்குக் கீழே 40-ல் இருந்தால் என்ன ஆகும்? அமுக்கிய காற்றில் பிறக்கும் சூட்டை அந்த இரும்பே குடித்து விடும். டீசல் பற்றாது. வெள்ளைப் புகைதான் வரும்.

பாட்டரியும் அந்த நேரம் பார்த்துக் காலை வாரி விடும். சைபருக்குக் கீழே 18 டிகிரி குளிரில் பாட்டரியின் பலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து விடும். என்ஜின் எண்ணெயோ வெல்லப் பாகு போலக் கெட்டியாகி, என்ஜினைச் சுற்ற விடாமல் பிடித்துக்கொள்ளும். பலம் குறைந்தவன் தலையில் பாரத்தை ஏற்றிய கதைதான்!

விடாமல் சாவியைத் திருப்பிப் பாட்டரி இறங்கி விட்டால் இன்னொரு கேடும் இருக்கிறது. முழு சார்ஜ் உள்ள பாட்டரி, கடுங்குளிரிலும் உறையாது. இறங்கிப் போன பாட்டரிக்குள் இருக்கும் நீர் உறைந்து, பெட்டியே வெடித்துப் பிளந்து விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக டீசல். அதில் மெழுகு கலந்திருக்கிறது. யாரும் கலந்ததல்ல, பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயிலேயே இருப்பது. சாதாரண நாட்களில் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும். குளிர் ஏற ஏற முதலில் டீசல் மங்கலாகும். பிறகு பொடிப் பொடியாக மெழுகு பிரியும். அந்தப் பொடி போய் பில்டரில் அடைத்துக்கொள்ளும். டாங்கியில் நிறைய டீசல் இருக்கும்; என்ஜினுக்கு ஒரு சொட்டும் வராது!

பழைய விமானிகளின் தந்திரம்

குளிரிலிருந்து என்ஜினைக் காப்பாற்றும் கலை அலாஸ்காவுக்குப் புதிது அல்ல. 1920-களில் அங்கே சிறு விமானங்கள் ஓட்டியவர்கள், மாலையில் தரை இறங்கியதும் முதல் வேலையாக என்ஜின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்து விடுவார்கள். அதைத் தாங்கள் தங்கும் குடிசைக்குள் எடுத்துப் போய் வைப்பார்கள். காலையில் அடுப்பில் வைத்துச் சுட வைத்து, மறுபடியும் என்ஜினில் ஊற்றுவார்கள். எண்ணெய் தூங்கிய இடத்தில்தான் விமானியும் தூங்குவார்!

பிறகு மின்சாரம் வந்தது. அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் ஆண்ட்ரு பிரீமன் என்பவர் ஒரு கருவி செய்தார். என்ஜினில் உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றி விட்டு, அந்த இடத்தில் சூடாகும் மின்சாரக் கம்பி ஒன்றைச் செருகி விடுவது. இதற்கு 1949-ல் காப்புரிமை வாங்கினார். இன்று அதன் தம்பி தங்கைகள் பல வந்து விட்டன. பெரிய லாரி என்ஜினுக்கு 1,000 முதல் 1,500 வாட் வரை உள்ள சூடேற்றியைப் பொருத்துகிறார்கள். ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கிற மின்சாரம்தான். பேர்பாங்ஸ் கார்களில் தொங்கும் 'மூக்கணாங்கயிறு' இதற்காகத்தான். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால் அதைச் சுவரில் செருகி விடுவார்கள்.

ஆனால் இந்தக் கம்பி என்ஜினை மட்டும்தான் காக்கும். பாட்டரி குளிரிலேயே இருக்கும். டயர் ராத்திரி நின்ற வாக்கில் தட்டையாக உறைந்து, காலையில் சதுரச் சக்கரம் போலத் தட் தட் என்று உருளும். கியர்ப் பெட்டி நகராது. ரப்பர்க் குழாய்கள் விறைத்து வெடிக்கும்.

அதனால்தான் வசதி உள்ளவர்கள் லாரியையே ஷெட்டுக்குள் கொண்டு வருகிறார்கள்.

எவ்வளவு சூடு வேண்டும்?

ஷெட் என்றதும் நம் ஊர்த் தகரக் கொட்டகையை நினைத்துக்கொள்ளக் கூடாது. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் கனமான பஞ்சு வைத்து அடைத்திருப்பார்கள். சில ஷெட்டுகளில் கூரையில் ஒரு சூட்டு விசிறி தொங்கும். இன்னும் நல்ல ஷெட்டுகளில் சிமெண்டுத் தரைக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓட விடுவார்கள். தரையே கதகதப்பாக இருக்கும். லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவருக்கு அதை விடச் சொர்க்கம் வேறு இல்லை.

உள்ளே வீட்டைப் போல 20 டிகிரி சூடு தேவை இல்லை. சைபருக்கு மேலே 5 முதல் 10 டிகிரி இருந்தால் போதும். லாரி சுகமாக எழுந்து கொள்ளும். அதற்கு மேல் எரிப்பது பணத்தை எரிப்பதுதான்.

செலவு சாமானியமல்ல. சாமான் ஏற்றும் பின்வண்டியைக் கழற்றி வெளியே விட்டு விட்டு, என்ஜின் உள்ள முன்வண்டியை மட்டும் உள்ளே கொண்டு வருவது உண்டு. அதுவே சுமார் 8 டன் எடை. சைபருக்குக் கீழே 40-ல் கிடந்த 8 டன் இரும்பைச் சைபருக்கு மேலே 5-க்குக் கொண்டு வரச் சுமார் 5 லிட்டர் எண்ணெயின் சூடு வேண்டும். கதவைத் திறந்து மூடும்போது ஓடிப் போகும் சூடு தனி. லாரியின் மேல் ஒட்டி வரும் பனிக்கட்டியை உருக்கும் சூடு தனி. அதனால் விவரம் தெரிந்த டிரைவர், உள்ளே வருமுன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பனியைத் தட்டி விடுவார்.

ஒரு மணி நேரம் உள்ளே நிறுத்தினால் போதுமா என்றால், போதாது. மேலே தொட்டால் சூடு தெரியும்; என்ஜினின் வயிற்றுக்குள் குளிர் அப்படியே இருக்கும். ராத்திரி முழுவதும் நின்றால்தான் குளிர் விடும்.

லாரிக்கு வேர்க்கிறது!

குளிர்ந்த லாரி சூடான ஷெட்டுக்குள் வந்ததும் அதற்கு வேர்க்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் பூக்கிறதே, அதே காரணம்தான். உடம்பெல்லாம் நீர் பூத்து, ஒட்டியிருந்த பனியும் உருகிச் சொட்டும். நல்ல ஷெட் என்றால் தரையில் தண்ணீர் போக வழி இருக்க வேண்டும்.

டாங்கி பாதி காலியாக இருந்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் டாங்கியின் சுவரில் படிந்து டீசலில் கலக்கும். வெளியே போனதும் அந்தத் தண்ணீர் குழாயில் உறைந்து அடைக்கும். ஆகவே டாங்கியை நிரப்பி விட்டுத்தான் ஷெட்டுக்குள் வருவார்கள்.

பிரேக்கும் அப்படித்தான். பெரிய லாரிகளில் காற்று பிரேக். காற்றை அடைத்து வைக்கும் தொட்டிகளில் தண்ணீர் சேரும். அதைத் தினமும் திறந்து விட வேண்டும். சோம்பேறித்தனமாக விட்டு விட்டால், வெளியே போனதும் அது உறைந்து பிரேக்கைக் கெடுக்கும். ஈரமான பிரேக்கோடு வெளியே போய் நிறுத்தினால், சக்கரத்துக்குள் பிரேக் கட்டை ஒட்டிக்கொள்ளும். பிறகு சுத்தியலால் தட்டித்தான் விடுவிக்க வேண்டும்.

அமெரிக்காவின் மின்னெசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் வேறு ஒரு சங்கடம். அங்கே பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு லாரியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கடுங்குளிரில் அது அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. கதகதப்பான ஷெட்டில் நின்றால்தான் துரு வேகமாகத் தின்னும்! அடிப்பாகத்தைக் கழுவாமல் சூட்டில் நிறுத்துவதை விட, வெளியே குளிரில் நிறுத்துவதே மேல் என்று அங்கே சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மணமில்லாத எமன்

ஷெட்டில் இருக்கும் மற்றோர் ஆபத்து இவற்றை எல்லாம் விடப் பெரியது. காலையில் புறப்படும்போது, 'வெளியே குளிர். உள்ளேயே கொஞ்சம் ஓட விடலாம்' என்று தோன்றும். கதவை மூடியபடி என்ஜினை ஓட விட்டால், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற வாயு அறையில் நிறையும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. மூச்சுக் காற்றில் உள்ள பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பலமாக அது இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு மரணம்.

பெட்ரோல் வண்டியை விட டீசல் வண்டி இந்த வாயுவைக் குறைவாகக் கக்கும் என்பது உண்மை. அதற்காக மூடிய அறையில் ஓட விட்டால் அது நல்ல காற்று ஆகி விடாது.

அந்த நாடுகளில் பல வீடுகளில் வண்டி நிறுத்தும் அறை வீட்டோடு ஒட்டியே இருக்கும். அந்த அறையில் சேரும் வாயு, கதவு இடுக்கு வழியாக, தூங்கும் குழந்தைகளின் அறைக்கும் வந்து விடும். கதவை முழுக்கத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ய வேண்டும். உடனே வெளியே ஓட்டி வர வேண்டும். வேறு எதற்கும் இடம் இல்லை. பெரிய லாரி ஷெட்டுகளில் புகைக் குழாயோடு ஒரு நீண்ட குழாயை மாட்டிப் புகையை வெளியே இழுத்து விடுவார்கள். வீடுகளில் இந்த வாயு வந்தால் கூக்குரலிடும் ஒரு சிறு கருவியைச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள்.

ஷெட் செய்யும் மோசம்

இப்போது ஒரு லாரி தெற்கேயிருந்து பேர்பாங்ஸுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாங்கியில் தெற்கே வாங்கிய சாதாரண டீசல். ராத்திரி கதகதப்பான ஷெட்டில் நிற்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் 'டபக்' என்று கிளம்புகிறது. டிரைவருக்கு மகிழ்ச்சி. வடக்கே புறப்படுகிறார்.

மோசம் இங்கேதான் இருக்கிறது. ஷெட்டின் சூடு லாரியோடு கூட வராது. லாரியின் இரு பக்கமும் தொங்குகிற டாங்கிகள் மீது சைபருக்குக் கீழே 40 டிகிரி காற்று அடித்துக்கொண்டே இருக்கும். என்ஜினிலிருந்து திரும்பி வரும் மிச்ச டீசல் கொஞ்சம் சூட்டைக் கொண்டு வரும்; அது போதாது. சில மணி நேரம் போனதும் டீசல் மங்கும். மெழுகு பிரியும். பில்டர் அடைக்கும். மேடு ஏறும்போது லாரி இழுக்காது. பிறகு நின்று விடும்.

ஷெட்டில் நிறுத்தாமல் வெளியே நிறுத்தியிருந்தால், அந்த லாரி காலையில் ஊரிலேயே கிளம்பாமல் நின்றிருக்கும். அதனால் ஒரு நாள் கூலிதான் போயிருக்கும்.

என்ஜின் நின்றால் டிரைவர் அறைக்கு வரும் சூடும் நின்று விடும். வழியில் கோல்ட்புட் என்று ஒரு சிற்றூர். 'குளிர்ந்த கால்' என்று அர்த்தம். 1900-ல் தங்கம் தேடிப் போனவர்கள் அங்கே வந்ததும் தைரியம் இழந்து திரும்பியதால் அந்தப் பெயர் வந்ததாம். அதை விட்டால், டீசல் கிடைக்கும் அடுத்த இடம் 386 கிலோமீட்டருக்கு அப்பால்! நடுவில் 1,444 மீட்டர் உயரத்தில் அடிகன் கணவாய். பெரும்பாலான தூரத்துக்குக் கைப்பேசி வேலை செய்யாது.

அதனால் அங்கே உள்ளவர்கள் ஷெட்டைப் பார்ப்பதற்கு முன் டாங்கியைப் பார்க்கிறார்கள். குளிர் காலத்துக்கென்று மெழுகு குறைந்த டீசல் தனியாக விற்கிறது. ஏறக்குறைய மண்ணெண்ணெய் போல இலேசானது. விலை அதிகம், அதே அளவு டீசலுக்கு ஓடும் தூரமும் சற்றுக் குறைவு. ஆனாலும் அதைத்தான் போட வேண்டும். நம் நாட்டிலும் லடாக் மலைப் பகுதிக்காக, சைபருக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் கொண்டு வந்தது.

மெழுகு பிரியாமல் இருக்க டீசலில் கலக்கும் மருந்தும் கிடைக்கிறது. அதைக் கலக்க வேண்டியது டீசல் இளகி இருக்கும்போது. இதற்குக் கதகதப்பான ஷெட்டை விட நல்ல இடம் கிடையாது. மெழுகு பிரிந்த பிறகு வழக்கமான மருந்தை ஊற்றினால் பிரயோஜனம் இல்லை.

டிரைவரின் பெட்டி

ஷெட்டில் நிற்கும் லாரியில் டிரைவர் என்னென்ன ஏற்றுகிறார் என்று பார்த்தால் இந்தச் சாலையின் குணம் தெரியும். இரண்டு மூன்று புதிய பில்டர்கள். சக்கரத்துக்குப் போடும் இரும்புச் சங்கிலிகள். கடுங்குளிர் தாங்கும் படுக்கைப் பை. கம்பளி உடுப்பு, சாப்பாடு, தண்ணீர். மற்ற லாரிக்காரர்களோடு பேச ஒரு ரேடியோ. வழியில் ஒரு லாரி நின்றிருந்தால், பின்னால் வருகிறவர் 'என்ன ஆயிற்று?' என்று கேட்காமல் போவதில்லை. அந்தச் சாலையில் அதுதான் வழக்கம்.

சாலை முடியும் ஊருக்கு டெட்ஹார்ஸ் என்று பெயர். 'செத்த குதிரை' என்று அர்த்தம். பெயர் வைத்தவர்களுக்கு நல்ல சொல்லே கிடைக்கவில்லை போலும்! அங்கே குளிர் காலத்தில் ஏறக்குறைய 8 வாரம் சூரியன் உதிப்பதே இல்லை. வந்து சேரும் லாரிகள் எல்லாவற்றுக்கும் அங்கே ஷெட்டில் இடம் கிடைக்காது. ஆகவே சாமான் இறக்கும்போதும், டிரைவர் சாப்பிடும்போதும், தூங்கும்போதும் என்ஜினை நிறுத்தாமல் ஓட விட்டு வைக்கிறார்கள். டீசல் வீணாகிறதே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. நிறுத்திய என்ஜினை மறுபடியும் ஸ்டார்ட் செய்வது அதை விடப் பெரிய செலவு!

திரும்பி 800 கிலோமீட்டர் ஓட்டி, பேர்பாங்ஸுக்கு வந்ததும், டிரைவர் முதலில் டாங்கியை நிரப்புகிறார். ஷெட்டுக்கு வெளியே நிறுத்திப் பனியைத் தட்டுகிறார். மெல்ல ஓட்டியபடியே பிரேக்கை இலேசாக மிதித்து ஈரத்தைப் போக்குகிறார். உள்ளே கொண்டு வந்து, உடனே என்ஜினை நிறுத்துகிறார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கிறார். காற்றுத் தொட்டிகளைத் திறந்து தண்ணீரை வடிக்கிறார். கதவை இறக்கித் தாழிட்ட பிறகுதான் அவர் வீட்டுக்குப் புறப்படுகிறார்.